நலம் தரும் சத்து எது?

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்பது நம் முன்னோர் வாக்கு. அச்செல்வத்தைக் கடையில் விலை கொடுத்து வாங்கிவிடலாம் என்று இன்று பலரும் எண்ணுகின்றனர். உயரமாக வளர ஒரு பொடி, நினைவாற்றலுக்கு ஒரு பானம், முடி கொட்டாதிருக்க ஒரு மாத்திரை, முகம் பொலிவு பெற இன்னொன்று என்று மருந்துக் கடையிலும் மளிகைக் கடையிலும் கைப்பேசித் திரையிலும் சத்துப் பொருள்கள் நம்மை அழைக்கின்றன. இவற்றுள் எது நல்லது, எது தீங்கானது, எது நமக்குத் தேவையே இல்லாதது என்று அறிவது எப்படி? இவ்வாண்டு எங்கள் மனையியல் வகுப்பில் நாங்கள் கற்றறிந்தவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

பள்ளிக் கண்காட்சிக்காக எங்கள் ஆசிரியை சகோதரி அவர்கள், “உங்கள் வீட்டில் காலியாகும் சத்துப் பான டப்பாக்களையும் சத்து மாத்திரைப் புட்டிகளையும் கழுவிக் கொண்டு வாருங்கள்” என்று பணித்தார்கள். ஒரே மாதத்தில் வகுப்பறையின் பின்சுவர் ஓரமெல்லாம் டப்பாக்கள் அடுக்கப்பட்டுவிட்டன. அதே மாதத்தில் சன்னலுக்கு வெளியே உள்ள செம்பருத்திப் பாத்தியைக் கொத்திச் சுத்தம் செய்யும் முறையும் எங்கள் வகுப்புக்கு வந்தது. கொத்தக் கொத்த மண்ணோடு மண்ணாய் வெளிவந்தவை நீல நிற மாத்திரைகள்! வாரந்தோறும் வியாழக்கிழமை மதிய உணவுக்குப்பின் பள்ளியில் இலவசமாக வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரைகள் அவை. அவற்றை வீசியவர்கள் வேறு யாருமல்லர், நாங்களேதாம். விலை கொடுத்து வாங்கியதைப் போற்றி வைத்தோம். விலையின்றிக் கிடைத்ததைச் சன்னல் வழியே எறிந்தோம். சகோதரி அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “இதைப் பற்றியே படிப்போம்” என்றார்கள். எங்கள் பாடம் அங்கிருந்துதான் தொடங்கியது.

மயங்கி விழுந்த தோழி

அந்த நாள்களில்தான் விளையாட்டு விழா அணிவகுப்புப் பயிற்சியின்போது எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி மயங்கி விழுந்தாள். சில மாதங்களாகவே அவளுக்குப் படியேறினால் மூச்சு வாங்கும். வகுப்பில் தூக்கம் வரும். சோம்பல் என்றே நாங்கள் கேலி செய்திருந்தோம். மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதித்தபோது ஹீமோகுளோபின் 8.4 கிராம் மட்டுமே இருந்தது. நம் வயதுப் பெண்களுக்கு 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையலாகாது.

அவளுடைய தாயார் கண்கலங்கி, “மாசம் தவறாமல் பெரிய டப்பாவாகத்தானே டாக்டர் வாங்கிக் கொடுக்கிறோம்!” என்றார்களாம். இரவில் கண்விழித்துச் சட்டை தைத்த கூலியில் வாங்கிய டப்பா அது. மருத்துவர் அம்மையார் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “உங்கள் மகளுக்கு வேண்டியது இரும்புச் சத்து. இதில் இருப்பது பெரும்பாலும் மாவும் சர்க்கரையும். பள்ளிக்கூடத்தில் கொடுக்கிற மாத்திரையைச் சாப்பிடுகிறாளா?” என்று கேட்டார்களாம். தோழி தலைகுனிந்தாள். முதல் முறை விழுங்கியபோது வயிற்றைப் புரட்டியது. மறுநாள் மலம் கருநிறமாகப் போனது. அச்சத்தால் அன்றிலிருந்து எறிந்துவிட்டாள். எங்களில் பலர் எறிந்ததும் அதே அச்சத்தால்தான். ஒருத்தியும் மற்றவளிடம் வாய்திறந்து கேட்கவில்லை.

இது ஒரு பள்ளியின் கதை மட்டுமன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை உள்ளது. அப்படியானால் ஒரு பெஞ்சில் அமர்ந்திருக்கும் ஐவரில் ஏறத்தாழ மூவர்!

சத்துகளைக் கண்டறிந்த கதை

இன்று நாம் எளிதாகச் சொல்லும் ‘வைட்டமின்’ என்னும் பெயர் 1912இல்தான் பிறந்தது. காசிமிர் ஃபங்க் என்னும் போலந்து நாட்டு அறிஞர் அதைச் சூட்டினார். அதன்பின் சில ஆண்டுகளில், 1918இல், நம் நீலகிரி மாவட்டத்துக் குன்னூரில் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அந்த ஓரறை ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. இந்தியர் ஒருவருக்கு நாளொன்றுக்கு எந்தச் சத்து எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்வது இந்நிறுவனமே.

நாங்கள் எறிந்த நீல மாத்திரைக்கும் குன்னூருக்கும் ஓர் உறவுண்டு என்றறிந்தபோது வியந்தோம். அம்மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புடன் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளது. அந்த ஃபோலிக் அமிலத்தின் வரலாறு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவப் பெண்மணியிடம் தொடங்குகிறது. அவர் 1928இல் இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் நெசவாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளைத் தாக்கிய கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். பின்னர் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், இன்று சென்னை அரசு கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்கும் மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். அப்பெண்களின் உணவில் ஏதோ ஒன்று குறைகிறது என்று கருதி, ஒவ்வோர் உணவாகச் சோதித்தார். விலை மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதை 1931இல் உலகுக்கு அறிவித்தார். அதில் இருந்த சத்து 1941இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. ‘ஃபோலியம்’ என்றால் இலத்தீன் மொழியில் இலை; அதனாலேயே ஃபோலிக் அமிலம் என்று பெயர் வந்தது.

லூசி வில்ஸ் அம்மையாரின் பணி நமக்குச் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. அவர் முதலில் கண்டுபிடிக்க முயன்றது மருந்தையன்று; குறையை. எந்தச் சத்து குறைகிறதோ அந்தச் சத்தே மருந்து. குறை இல்லாத இடத்தில் கொட்டும் சத்து, பசி இல்லாதவனுக்குப் படைத்த விருந்து போன்றது. ஆகவே சத்துப் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, “எந்தக் கம்பெனி நல்லது?” என்று கேட்கும் முன்பு, “எனக்குக் குறைவது எது?” என்று கேட்பதே முறை.

உணவா, மாத்திரையா?

பெரும்பாலான சத்துகள் நம் அடுக்களையிலேயே உள்ளன. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முருங்கைக் கீரை, கம்பு, பயறு வகைகள், பேரீச்சம்பழம், மீன், முட்டை, ஆட்டு ஈரல் ஆகியவை இரும்புச்சத்துக்கு உதவுபவை. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பு எளிதில் இரத்தத்தில் சேர்வதில்லை. அத்துடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் வைட்டமின் சி உதவியால் மிகுதியாகச் சேரும். சாப்பிட்டவுடன் தேநீரோ காப்பியோ அருந்தினால் குறைவாகச் சேரும்.

ஆயினும் உணவு மட்டும் போதாத நிலைகளும் உண்டு. 16 முதல் 18 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 32 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் பரிந்துரை. மாதந்தோறும் இரத்தம் இழக்கும் நமக்கு இட்லியும் சாதமும் கொண்ட அன்றாட உணவிலிருந்து இவ்வளவு கிடைப்பது அரிது. கர்ப்பிணிகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும், மீன், இறைச்சி, முட்டை, பால் எதையும் உண்ணாதவர்களுக்கு வைட்டமின் பி12, வெயிலே படாதவர்களுக்கு வைட்டமின் டி என்று மாத்திரை தேவைப்படுவோர் உளர். இதை ஊகத்தால் முடிவு செய்யாமல், மருத்துவரின் சொல்லாலும் இரத்தப் பரிசோதனையாலும் அறிவதே நன்று.

டப்பாவின் முன்பக்கமும் பின்பக்கமும்

நாங்கள் சேர்த்த டப்பாக்களின் முன்பக்கத்தில் ஓடும் சிறுவர்களும் உயரும் அம்புக்குறிகளும் பெரிய எழுத்தில் இருந்தன. உண்மையோ பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி கொண்டு படிக்கும் எழுத்தில் இருந்தது. அதைப் படிக்க ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

ஒரு பானப் பொடியில் 100 கிராமுக்குப் புரதம் 7 கிராம், சர்க்கரை 30 கிராம் என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். ஒரு கோப்பைக்கு இடும் பொடி 20 கிராம். அப்படியானால் ஒரு கோப்பையில் பொடியிலிருந்து கிடைக்கும் புரதம் 1.4 கிராம், சர்க்கரை 6 கிராம். ஒரு கோழி முட்டையிலோ சுமார் 6 கிராம் புரதம் உள்ளது. ஒரு முட்டையின் புரதத்தை அப்பொடியிலிருந்து பெற நான்கு கோப்பைக்கு மேல் குடிக்க வேண்டும். கூடவே 25 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும்! நம் வயதுக்கு நாளொன்றுக்கு வேண்டிய புரதம் சுமார் 46 கிராம். சில டப்பாக்களில் புரதத்தின் அளவு மிகுதியாகத் தெரிந்தது. ஊன்றிப் படித்தபோது, “பாலுடன் கலந்தால்” என்று சிறிய எழுத்தில் கண்டோம். பாலின் புகழைப் பொடி தட்டிக்கொண்டு போகிறது!

இத்தகைய பால், தானிய, மால்ட் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்கலாகாது என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு 2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அறிவுறுத்தியது. அப்படியொரு வகை சட்டத்தில் வரையறுக்கப்படவே இல்லை என்பதே காரணம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

மருத்துவர் தேவை என்று சொன்னபின், கடையில் நின்று நாம் பார்க்க வேண்டியவற்றைக் கீழே தொகுத்துள்ளோம்.

1. மருந்தா, உணவா? பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் மாத்திரைகளில் சில மருந்துச் சட்டத்தின் கீழும் சில உணவுச் சட்டத்தின் கீழும் வருகின்றன. மருந்தானால் உற்பத்தி உரிம எண் இருக்கும். உணவானால் ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும், ‘ஹெல்த் சப்ளிமென்ட்’ போன்ற வகைப்பெயரும், ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அன்று’ என்னும் எச்சரிக்கையும் இருத்தல் வேண்டும். எண்ணை ஆணையத்தின் இணையத்தளத்தில் இட்டு, டப்பாவில் உள்ள நிறுவனத்தின் பெயரே வருகிறதா என்று சரிபார்க்கலாம். ஆனால் உரிமம் என்பது தயாரிப்பாளர் பதிவு பெற்றவர் என்பதற்கே சான்று. அப்பொருள் நமக்கு நன்மை செய்யும் என்பதற்குச் சான்றன்று.

2. அளவு தெளிவாக உள்ளதா? இருபது மூலிகைகளின் பெயர்களை அடுக்கிவிட்டு, எது எத்தனை மில்லிகிராம் என்று சொல்லாத பொருளை நம்பலாகாது. உப்பின் அளவையும் சத்தின் அளவையும் குழப்பிக்கொள்ளவும் கூடாது. 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டில் உள்ள கால்சியம் 500 மில்லிகிராமே.

3. காலாவதி நாள், தொகுதி எண், முத்திரை ஆகியவை சரியாக உள்ளனவா? முத்திரை உடைந்ததையும் வெயிலில் வைத்து விற்பதையும் தவிர்க்க வேண்டும். பில் கேட்டு வாங்க வேண்டும். பில் இல்லாத பொருளுக்குப் புகார் செய்வது கடினம்.

4. வாக்குறுதி மிகையாக உள்ளதா? மூன்று வாரத்தில் உயரம், பத்து நாளில் எடை குறைவு, எல்லா நோய்க்கும் ஒரே பொடி என்பவை நம்மை ஏமாற்றும் சொற்கள். விரைவில் எடை கூடும் என்று விற்ற பொடிகளில் ஸ்டீராய்டு மருந்தும், மெலியச் செய்யும் என்ற மாத்திரைகளில் சிபுட்ரமின் என்னும் மருந்தும் மறைவாகக் கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டதுண்டு. இதயத்துக்குத் தீங்கு செய்யும் சிபுட்ரமின் இந்தியாவில் 2011இல் தடை செய்யப்பட்டது.

5. ‘இயற்கை’ என்றால் மட்டும் போதுமா? அமெரிக்காவில் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த ஆய்வு 2004இல் வெளியானது. அவற்றுள் 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. நம் வைத்திய முறையின் மீது பழியன்று இது. தயாரிப்பில் கவனம் தவறினால் மூலிகையும் நஞ்சாகலாம் என்பதற்கு எடுத்துக்காட்டு. உரிமமும் தரச்சோதனையும் அங்கும் தேவை.

6. ஒரே சத்து இருமுறை சேர்கிறதா? மாத்திரையிலும் பானத்திலும் பொடியிலும் அதே வைட்டமின் இருக்கலாம். கூட்டிப் பார்க்க வேண்டும். வேறு மருந்து உண்போர் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூற வேண்டும்.

விளையாட்டு வீராங்கனைகளாக வர விரும்பும் தங்கைகளுக்கு ஒரு சொல்: கலப்படமான சத்துப் பொடியை அறியாமல் உண்டு, ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் போட்டிகளை இழந்தவர்கள் பல நாடுகளிலும் உள்ளனர். பயிற்சிக்கூடத்தில் யாரோ தரும் பொடியை வாங்கி உண்ணாதீர்கள்.

அளவுக்கு மிஞ்சினால்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது சத்துகளுக்கு மிகவும் பொருந்தும். வைட்டமின் ஏ, டி, இ, கே ஆகியவை கொழுப்பில் கரைபவை. மிகுதியானால் உடலிலேயே தங்கிவிடும். எங்களில் ஒருத்தியின் அத்தைக்கு மூட்டு வலிக்காக வாரம் ஒன்று என்று 60,000 யூனிட் வைட்டமின் டி எழுதித் தரப்பட்டது. விரைவில் குணமாகட்டும் என்று அவர் நாள்தோறும் ஒன்றாக ஒரு மாதம் விழுங்கிவிட்டார். நாளொன்றுக்குப் பரிந்துரைக்கப்பட்ட 600 யூனிட்டைப்போல் அது நூறு மடங்கு! வாந்தியும் தாகமும் மலச்சிக்கலும் வந்து, இரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்படும் நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வைட்டமின் ஏ-யைக் கர்ப்பிணிகள் மிகையாக உட்கொண்டால் கருவிலுள்ள குழந்தைக்கு ஊனம் நேரலாம். இரும்பு மாத்திரைகளை மிட்டாய் என்று எண்ணிச் சிறு குழந்தைகள் பல எண்ணிக்கையில் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே வீட்டில் தம்பி தங்கையர் இருந்தால் மாத்திரைகள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

நீல மாத்திரையை உண்ணும் முறை

2012ஆம் ஆண்டு மத்திய அரசு தொடங்கிய வாராந்திரத் திட்டத்தின்படி 10 முதல் 19 வயது வரையுள்ளோர்க்கு இம்மாத்திரை வழங்கப்படுகிறது. வெறும் வயிற்றில் உண்டால் குமட்டும். ஆகவே உணவுக்குப்பின் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். மலம் கருமையாவது சேராத இரும்பு வெளியேறுவதால்தான், அது நோயன்று. பால், தேநீர், கால்சியம் மாத்திரை ஆகியவற்றை அதே நேரத்தில் சேர்க்கலாகாது. கொக்கிப் புழு குடலில் இருந்து இரத்தத்தைக் குடிக்குமாதலால், ஆண்டுக்கு இருமுறை தரப்படும் குடற்புழு மாத்திரையையும் தவறாமல் உண்ண வேண்டும். காய்ச்சல் போன்ற நோய் இருந்தாலும், தலசீமியா போன்ற இரத்தக் குறைபாடு இருந்தாலும் ஆசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி மருத்துவரைக் கேட்க வேண்டும். குமட்டல் வந்தால் எறிந்துவிடாமல் சொல்லுங்கள். அதற்கு வழி உண்டு.

முடிவுரை

எங்கள் தோழிக்கு மருத்துவர் மூன்று மாதங்கள் நாள்தோறும் இரும்பு மாத்திரை தந்தார். மாதம் ஒரு டப்பாவுக்கான பணத்தில் அவளுடைய தாயார் முட்டையும் கடலையும் கீரையும் வாங்கினார்கள்; மீதியும் இருந்ததாம். மூன்றாம் மாத முடிவில் ஹீமோகுளோபின் 11.6 கிராமாக உயர்ந்தது. இப்போது மாடிப்படியை எங்களுக்கு முன்னே அவளே ஏறுகிறாள்.

கண்காட்சியில் டப்பாக்களையெல்லாம் பின்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தோம். அவற்றின் நடுவே ஒரு சிறு கிண்ணத்தில் ஒரே ஒரு நீல மாத்திரையை வைத்தோம். பார்க்க வந்த தாய்மார் பலர், மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதன்முறையாக அவ்வெழுத்துகளைப் படித்தனர்.

பெற்றோர்களே, எங்கள்மீது கொண்ட அன்பினாலேயே விலை உயர்ந்தவற்றை வாங்கித் தருகிறீர்கள். அந்த அன்பை விலையால் அளக்க வேண்டாம். எங்கள் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்; டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். தங்கைகளே, இலவசம் என்பதால் ஒன்று மட்டமாகிவிடாது. விலை மிக்கது என்பதால் சிறந்ததாகிவிடாது. வரும் வியாழக்கிழமை செம்பருத்திப் பாத்திக்கு ஒன்றும் போகாதிருக்கட்டும். அச்செடிகள் சத்து மாத்திரை இல்லாமலே நன்றாகப் பூக்கின்றன!

— பதினொன்றாம் வகுப்பு மனையியல் பிரிவு மாணவியர்